கணினிக்குத் தெரியாத பழைய பிளேயர்: டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பிளேயர் விமர்சனம் இல்லை. அந்த மாதிரிப் பிளேயரைச் செய்வதையே நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அதற்குள் மாட்டிக்கொண்ட பாட்டுகளை வெளியே எடுத்துக் கொடுத்த மூன்று இலவச மென்பொருள்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்: டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக். யாரைக் கேட்டாலும் ஃபோட்டோரெக்கைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் என் பாட்டுகளை உண்மையில் காப்பாற்றியது டிடிரெஸ்க்யூதான். அதை எவ்வளவு சீக்கிரம் ஓட்டுகிறீர்களோ அவ்வளவுக்குப் பாட்டு மிஞ்சும்.

என்னுடையது 20 ஜிபி பிளேயர், உள்ளே 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழல்கிற வகை. 2001 இல் வந்த முதல் ஐபாடிலும் இதே அளவு டிஸ்க்தான், அதில் 5 ஜிபி. ஃபிளாஷ் மெமரி மலிவாகிற வரைக்கும் நிறையப் பாட்டைக் கையில் வைத்துக்கொள்ள இந்தக் குட்டி டிஸ்க்கை விட்டால் வேறு வழி இல்லை. என்னுடையதில் இரண்டாயிரத்துச் சொச்சம் பாட்டு இருந்தது. முக்கால்வாசியை இன்றைக்கு எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம், அவற்றுக்காக இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிளேயரில் மைக் இருந்தது. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடித் திரிந்த இரண்டு வருஷத்தில் ஒவ்வொரு ஒத்திகையிலும் அதை ஒரு நாற்காலி மேல் வைத்துப் பதிவு செய்வோம். மொத்தம் 43 பதிவு. வேறு எங்கும் நகல் கிடையாது. எங்களில் பாடியவள் தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு பாடுவதில்லை.

பதினான்கு வருஷம் இழுப்பறையில் கிடந்ததை எடுத்துக் கணினியில் செருகினால், டிங் என்று ஒரு சத்தம், அடுத்த நொடியே டொங் என்று இன்னொரு சத்தம், பிறகு யூஎஸ்பி சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற செய்தி. பிளேயர் திரையில் வெளிச்சம் வருகிறது, டிஸ்க் சுழல்கிற மெல்லிய ரீங்காரம் விரலில் தெரிகிறது, ஆனால் கணினிக்கு அது யார் என்றே தெரியவில்லை.

இந்த இடத்தில் மென்பொருள் எதையும் தொடாதீர்கள். கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 கேபிளில் நான்கு கம்பி: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. சார்ஜ் மட்டும் செய்கிற கேபிள்களில் பின்னது இரண்டும் இருக்காது, வெளியே பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. அதை மாற்றியும் சரியாகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பேட்டரி. யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர், டிஸ்க் சுழலத் தொடங்குகிற அந்தக் கணத்தில்தான் மின்சாரம் அதிகம் தேவைப்படும், செத்துப்போன பேட்டரியால் கைகொடுக்க முடியாது, உடனே வோல்டேஜ் சரிந்து பிளேயர் தொடர்பை அறுத்துக்கொள்ளும். டிங், டொங் இரண்டும் அடுத்தடுத்து வருவதற்கு என் விஷயத்தில் இதுதான் காரணம். சுவர் சார்ஜரில் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டுவைத்து, ஹப் எதுவும் இல்லாமல் கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகிய பிறகு டொங் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிளேயரின் முதுகு கொஞ்சமாவது உப்பியிருந்தால் சார்ஜ் போடவே போடாதீர்கள். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது, அதை முதலில் தெரிந்தவர்கள் கையால் கழற்ற வேண்டும்.

சரி, டொங் போனது, அடுத்த தொல்லை வந்தது. டிரைவ் எழுத்து தோன்றியது, ஆனால் ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று மூடிவிடுங்கள். பதற்றத்தில் சரி என்று அழுத்திவிட்டவர்கள் எத்தனையோ பேர். க்விக் ஃபார்மட் மட்டும் ஆகியிருந்தால் மீட்க வழி உண்டு, ஆனால் பெயரோடும் ஃபோல்டரோடும் மீட்கிற வாய்ப்பு பெருமளவு போய்விடும்.

நான் செய்த தப்பு வேறு. விலை கொடுத்து வாங்கிய ஒரு மீட்பு மென்பொருளை நேராகப் பிளேயர் மேலேயே ஓட்டவிட்டேன். படிக்க முடியாத ஓர் இடத்தில் போய் அது முட்டிக்கொண்டு நின்றது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, பிளேயர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டு, தானாகத் தொடர்பு அறுந்துவிடும். மறுபடி செருகினால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். மூன்று தடவை இப்படி ஆனது. சாகக்கிடக்கிற டிஸ்க்கை இப்படிப் போட்டு வதைத்த அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

டிடிரெஸ்க்யூ இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஃபைல், ஃபோல்டர் எதையும் அது பார்ப்பதில்லை. டிஸ்க் முழுவதையும் முதல் செக்டாரிலிருந்து (டிஸ்க்கில் தரவு எழுதப்படுகிற மிகச் சிறிய கட்டம்) கடைசி வரை அப்படியே ஓர் இமேஜ் ஃபைலாக நகல் எடுக்கிறது. அதன் கெட்டிக்காரத்தனம் அது போகிற வரிசையில் இருக்கிறது: முதல் ஓட்டத்தில் சுலபமாகப் படிக்க முடிவதையெல்லாம் பெரிய பெரிய துண்டாக அள்ளிக்கொண்டு, தகராறு செய்கிற இடம் வந்தால் அங்கே மல்லுக்கட்டாமல் தாவிப் போய்விடும். நல்ல பகுதி எல்லாம் பத்திரமான பிறகுதான் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களைச் செதுக்கி, கடைசியில் ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டும். டிஸ்க் பாதி வழியில் உயிரை விட்டாலும் அதற்குள் பெரும்பகுதி நம் கைக்கு வந்திருக்கும்.

அப்புறம் அந்த மேப் ஃபைல். எதைப் படித்தாயிற்று, எது பாக்கி, எது கெட்டது என்று ஒரு சின்ன எழுத்து ஃபைலில் குறித்துக்கொண்டே போகிறது. அதனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான் இருபது நிமிஷம் ஓட்டுவேன், பிளேயர் சூடானதும் நிறுத்திக் கழற்றி ஆறவைப்பேன், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. நல்ல டிஸ்க்காக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை, எனக்கு நான்கு நாள் ஆனது. திரையில் ‘கடைசியாக வெற்றிகரமாகப் படித்து இவ்வளவு நேரம்’ என்று ஒரு வரி ஓடும். அது நொடியிலேயே இருந்தால் நிம்மதி, நிமிஷத்துக்குப் போனால் கழற்றி ஆறவைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இதில் குறை இல்லாமல் இல்லை. எல்லாம் கட்டளை வரியில்தான், பட்டன் கிடையாது. முதலில் மூலம், அடுத்தது சேரிடம், மூன்றாவது மேப் ஃபைல் என்ற வரிசை மாறினால் கதை கந்தல். கழற்றிச் செருகும்போது லினக்ஸில் டிஸ்க்கின் பெயரும் மாறக்கூடும்: எஸ்டி-பி என்று இருந்தது எஸ்டி-சி ஆகிவிடும், பழைய கட்டளையை அப்படியே மறுபடி ஓட்டினால் வேறு டிஸ்க்கைப் படிக்கத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் அளவைப் பார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள். 20 ஜிபி என்று விற்ற டிஸ்க் லினக்ஸில் 18.6 என்று காட்டும். உற்பத்தியாளர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், கணினி 1024 ஆல் பெருக்குகிறது, அவ்வளவுதான், எதுவும் தொலைந்துபோகவில்லை. இமேஜைச் சேமிக்கிற டிஸ்க் ஃபேட்32 (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கிற ஒரு பழைய அமைப்பு) ஆக இருந்தால் 4 ஜிபியில் நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு மேல் பெரிய ஃபைலை அந்த அமைப்பு ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் வையுங்கள். இன்னொரு சின்ன விஷயம், டெபியன், உபுண்டு பயன்படுத்துகிறவர்கள் தேட வேண்டிய பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. முன்னால் ஒரு ஜி கூடுதலாக உண்டு.

லினக்ஸ் இல்லாதவர்களுக்கு சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. பென் டிரைவில் எழுதி அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் நான் சொல்கிற மூன்று மென்பொருளும் அதிலேயே தயாராக இருக்கும். விண்டோஸ் மாதிரி அது ஃபார்மட் செய்யலாமா என்று நச்சரிக்காது. டிஸ்க்கை மவுண்ட் பண்ணாமலே, அதாவது அதிலுள்ள ஃபைல்களைத் திறக்காமலே, நகல் எடுக்கலாம்.

இமேஜ் கைக்கு வந்ததும் பிளேயரை அணைத்து வைத்துவிட்டேன். இனி எல்லா வேலையும் நகலில்தான். அதையும் இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டேன். முதலில் டெஸ்ட்டிஸ்க். பலர் இதைத் தாண்டி நேராக ஃபோட்டோரெக்குக்குப் போகிறார்கள், அது நஷ்டம். ஃபேட்32 அமைப்பில் பூட் செக்டாருக்கு (டிஸ்க் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம் உள்ள முதல் செக்டார்) ஒரு காப்புப் பிரதி உண்டு, வழக்கமாக ஆறாவது செக்டாரில் இருக்கும். என் டிஸ்க்கில் மூலம் கெட்டு, காப்பு நன்றாக இருந்தது. டெஸ்ட்டிஸ்க் அதைக் கண்டுபிடித்து, இதைக் கொண்டு சரிசெய்யவா என்று கேட்டது, செய்தது, ஃபோல்டர்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. பெயரோடு! நான் தமிழில் எழுதிவைத்த பெயர்கள் கூட ஒரு புள்ளி பிசகாமல் வந்தன, ஏனென்றால் ஃபேட்32 நீளமான பெயர்களை யூனிகோடில்தான் வைத்திருக்கும். 43 பதிவில் 26 பதிவு இப்படிப் பெயரும் தேதியுமாகக் கிடைத்தன. மீதி இருந்த ஃபோல்டரைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. கெட்ட செக்டார்கள் அந்த ஃபோல்டரின் பட்டியல் இருந்த இடத்திலேயே விழுந்திருந்தன.

பட்டியல் போனால் பாட்டு போனதாக ஆகாது. புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்தால் அத்தியாயங்கள் அதனதன் பக்கத்தில்தானே இருக்கும். ஃபோட்டோரெக் பொருளடக்கத்தைத் தேடுவதே இல்லை, டிஸ்க்கை முதலிலிருந்து புரட்டி ஒவ்வொரு வகை ஃபைலும் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துப் பிடிக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், படங்களுக்கு மட்டும் இல்லை, நூற்றுக்கணக்கான ஃபைல் வகைகள் அதற்குத் தெரியும். ஒரு தடுமாற்றம் எனக்கு வந்தது, உங்களுக்கும் வரலாம்: எங்கள் மைக் பதிவுகள் வேவ் வகை ஃபைல்கள், ஆனால் வகைகளைத் தேர்ந்தெடுக்கிற திரையில் வேவ் என்று தேடினால் கிடைக்காது, ரிஃப் என்ற பெயரில் இருக்கும். முதலில் எஸ் விசையை அழுத்தி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எம்பி3, ரிஃப் இரண்டை மட்டும் குறித்தேன். பிறகு காலி இடத்தில் மட்டும் தேடவா, முழுப் பகுதியிலுமா என்று கேட்கும்போது முழுப் பகுதி என்று சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்துக்கு மேல் ஃபைல் கொட்டியது. ஒரு ஃபோல்டருக்கு ஐந்நூறு என்று பிரித்துப் போட்டிருந்தது, ஃபைல் பெயர்களோ எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும். இதுதான் ஃபோட்டோரெக்கின் பெரிய குறை, அது மறைக்கவும் இல்லை: பாட்டைத் தரும், பெயரைத் தராது, நீங்கள் ஆசையாக அடுக்கிய பிளேலிஸ்ட் வரிசையைத் தராது. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட ஃபைல்கள் பாதியில் நின்றுவிடும். பிளேயரை வாங்கிய புதிதில் மொத்தமாக ஏற்றிய பாட்டுகள் முழுசாக வந்தன, பின்னால் அழித்து அழித்து ஏற்றியவற்றில்தான் பாதிப் பாட்டுகள் அதிகம்.

ஊருக்குத் தெரிந்த பாட்டுகளுக்குப் பெயர் வைக்க மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் போதும், அதுவும் இலவசம்தான். எம்பி3 ஃபைலுக்குள்ளேயே ஐடி3 என்ற குறிப்பு இருக்கும், பெயர், பாடகர், ஆல்பம் எல்லாம் அதில் உண்டு. அதை வைத்து ஃபைல் பெயரை மாற்றித் தரும். குறிப்பே இல்லை என்றால் ஒலியின் கைரேகையை எடுத்துப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும். யூனிகோட் வருவதற்கு முன் பழைய தமிழ் எழுத்துருக் குறிமுறைகளில் பெயர் அடித்திருந்த பாட்டுகள் மட்டும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொச்சையாக வந்தன, அவற்றைக் கையால்தான் திருத்தினேன்.

எங்கள் ஒத்திகைகள் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. 17 வேவ் ஃபைல், பெயர் கிடையாது, தேதி கிடையாது. ஹெட்ஃபோன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்தப் பாட்டு என்பது முதல் ஐந்து நொடியிலேயே தெரிந்துவிட்டது: டிரம்ஸ் வாசித்தவன் இரண்டு குச்சியையும் தட்டி நான்கு வரை எண்ணுகிற வேகம் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு. எந்த மாதம் என்பதற்குத் துப்பு பிளேயர் வைத்திருந்த நாற்காலி. பழைய நாற்காலி யாராவது பக்கத்தில் நடந்தாலே கிரீச்சிடும், அதை மாற்றிய பிறகு வந்த பதிவுகளில் அந்தச் சத்தம் இல்லை. அப்படித்தான் வரிசைப்படுத்தினேன்.

எல்லோருக்கும் இதே வழி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் வேலை செய்ய, பிளேயர் கணினிக்கு ஒரு டிஸ்க்காகத் தெரிய வேண்டும். எம்டிபி என்ற முறையில் பேசுகிற பிளேயர்கள் ஃபைல்களின் பட்டியலை மட்டும்தான் காட்டும், டிஸ்க்கின் செக்டார்களை வெளியே விடாது, அங்கே டிடிரெஸ்க்யூவுக்கும் ஃபோட்டோரெக்குக்கும் வேலை இல்லை. சில பிளேயர்களில், உதாரணமாக சான்டிஸ்க் சான்சா வகைகளில், யூஎஸ்பி முறையை எம்எஸ்சி என்று மாற்ற அமைப்புகளிலேயே வசதி உண்டு, மாற்றினால் டிஸ்க்காகத் தெரியும். எம்டிபி மட்டுமே உள்ள பிளேயரை மேக் தானாக அறியாது, விண்டோஸின் ‘N’ என்ற வகைப் பதிப்புகளும் மீடியா ஃபீச்சர் பேக் போடாமல் அறியாது. பிளேயர் நன்றாக இருந்தும் கணினி பார்க்க மறுப்பதற்குப் பல நேரம் இவ்வளவுதான் காரணம்.

ஐபாட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். கிளிக் வீல் உள்ள மாடல்களை டிஸ்க் மோடில் போட்டால் (நடுப்பட்டனையும் மெனுவையும் சேர்த்து அழுத்தி ரீஸ்டார்ட் ஆனதும் நடுப்பட்டனையும் பிளே பட்டனையும் பிடித்துக்கொள்ள வேண்டும்) சாதாரண டிஸ்க் மாதிரித் தெரியும். பாட்டுகள் மறைந்த ஃபோல்டர் ஒன்றில் எஃப்00, எஃப்01 என்று பிரிந்து நான்கெழுத்துப் பெயர்களில் கிடக்கும். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி அப்படியே நகல் எடுத்து, பிக்கார்டில் போட்டால் பெயர் வந்துவிடும். மேக்கில் ஃபார்மட் செய்த ஐபாட் என்றால் விண்டோஸ் படிக்காது, அது கெட்டுப்போனதாக நினைத்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சீரான இடைவெளியில் தட்டுகிற சத்தம் வந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள். உள்ளே படிக்கிற முனையிலேயே கோளாறு, ஓட்டுகிற ஒவ்வொரு நிமிஷமும் சேதம். உடனே அணைத்துவிட்டு, அந்தப் பாட்டு அவ்வளவு முக்கியம் என்றால் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்கிற மீட்பு நிபுணர்களிடம்தான் போக வேண்டும். அதே மாதிரி, நகல் எடுத்துக் கேட்க முடியாதபடி பூட்டுப் போட்டு (டிஆர்எம்) விற்கப்பட்ட பாட்டுகளின் ஃபைல் வந்தாலும் பாடாது. பிளேயர் இன்னும் பாடுகிறது என்றால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்கு (ஒலியை உள்ளே வாங்குகிற துளை) ஒரு கேபிள் போட்டு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்வதுதான் எனக்குத் தெரிந்த வழி. ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் வரும்.

என் கணக்கில் டிடிரெஸ்க்யூவுக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. டெஸ்ட்டிஸ்க்கின் திரை முதலில் மிரட்டும், நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தால் புரிந்துவிடும். ஃபோட்டோரெக் கொடுத்த வேலையைச் செய்தது, அதன் பிறகு நமக்கு ஒரு வார வேலை வைத்தது. மூன்றும் இலவசம் மட்டும் இல்லை, மூல நிரலும் திறந்தே இருக்கிறது.

ஒரு பதிவில் மட்டும் ஓட்டை விழுந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் பத்திரப்படுத்திய பிறகு, டிடிரெஸ்க்யூவைப் பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொல்லி ஓட்டினேன், அப்படி ஒரு வசதி அதில் உண்டு, சில கெட்ட இடங்கள் மறுபக்கத்திலிருந்து வந்தால் வழி விடும். பாக்கி 1.2 எம்பியாக இருந்தது 412 கேபி ஆனது. இமேஜின் ஒரு பிரதியில், படிக்க முடியாத இடங்களில் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பி, எந்தெந்த ஃபைலில் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால் சேதம் எங்கே என்று தெரிந்துவிடும். தேடியதில் சுமார் 300 கேபி எங்கள் கடைசிப் பாட்டுக்குள் இருந்தது. மோனோ வேவ் பதிவில் அது மூன்றரை நொடி. இரண்டாவது சரணத்தில் அவள் மூச்சு இழுப்பது கேட்கிறது, பிறகு மூன்றரை நொடி மௌனம், பிறகு வரியின் கடைசிச் சொல்லிலிருந்து தொடர்கிறது. ஐந்து பேரில் யாருக்கும் அந்த வரி ஞாபகம் இல்லை. அவளுக்கு ஃபைலை அனுப்பினேன். மூன்று நாள் கழித்து ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாள். மேப் ஃபைல் அப்படியே இருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை ஓட்டப்போகிறேன்.